வயல் மேல ரோடு... சேறு தாங்குமா?

2025, மே 19. கேரளாவின் மலப்புரம் மாவட்டம், கூரியாடு. வயல்வெளிக்கு நடுவே கட்டிக்கொண்டிருந்த தேசிய நெடுஞ்சாலை 66-ன் உயரமான கரை அப்படியே சரிந்தது. பக்கத்தில் இருந்த சர்வீஸ் ரோடும் பிளந்தது. அந்த வழியாகப் போன கார்களும் சிக்கின. நல்லவேளை, உயிர்ப்பலி இல்லை.

'சிமென்ட் சரியில்லையோ, கம்பி சரியில்லையோ' என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். ஆனால், தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் சொன்ன முதற்கட்டக் காரணம் வேறு. கரையின் எடையை அதன் அடியில் இருந்த மண்ணால் தாங்க முடியவில்லை!

ஏன் தாங்கவில்லை?

வயல் களிமண்ணில் தண்ணீர் நிறைய இருக்கும். மேலே பாரம் ஏறும்போது, முதலில் அதைச் சுமப்பது மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் அந்தத் தண்ணீர்தான். அது வெளியேறினால்தான் துகள்கள் நெருங்கி, மண் இறுகும். மணலில் தண்ணீர் சட்டென வடிந்துவிடும். களிமண்ணில் வருடக்கணக்கில் ஆகலாம். அதற்குள் அவசரமாகக் கரையை உயர்த்தினால்? சப்பாத்தி மாவை அழுத்தினால் ஓரத்தில் பிதுங்குமே, அதே கதைதான்.

என்ன செய்கிறார்கள்?

* சேறு கொஞ்ச ஆழம்தான் என்றால், தோண்டி எடுத்துவிட்டு நல்ல மண்ணை நிரப்பலாம்.

* ஆழம் அதிகமா? சுமார் 10 செ.மீ அகலமுள்ள பிளாஸ்டிக் வடிகால் பட்டைகளை வரிசையாகச் செங்குத்தாக இறக்குவார்கள். மேலே மண்ணைக் கொட்டி அழுத்தினால், தண்ணீர் பட்டை வழியாக மேலேறி வெளியேறும். தண்ணீர் கடக்கும் தூரம் பாதியானால், ஆகும் நேரம் கால்வாசியாகிவிடும்!

* துளையிட்டு ஜல்லியை இறுக்கி நிரப்பி, மண்ணுக்குள்ளேயே கல் தூண்கள் அமைக்கலாம்.

* கரைக்கு அடியில் ஜியோடெக்ஸ்டைல் என்ற உறுதியான துணியை விரிக்கலாம்.

இந்தத் துணி ஐடியா ரொம்பப் பழசு. இங்கிலாந்தில் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதைக்கு நடுவே சாட் மாஸ் என்ற சதுப்பு நிலம் குறுக்கிட்டது. ஜார்ஜ் ஸ்டீபன்சன் மரக்கிளைகளையும் புதர்ச்செடிகளையும் பின்னி மெத்தைபோல விரித்து, அதன்மேல் தண்டவாளம் போட்டார். 1830-ல் திறந்த அந்தப் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது.

கூரியாட்டில் சரிந்த இடத்தில், கரைக்குப் பதில் தூண்கள் மீது மேம்பாலம் கட்ட முடிவானது. இடிந்தபிறகு கட்டுவதைவிட, முன்கூட்டியே மண்ணைச் சோதித்து, அதற்கேற்ற வழியைத் தேர்ந்தெடுப்பது செலவையும் மிச்சப்படுத்தும், உயிரையும் காக்கும்.

உங்கள் ஊரில் ரோடு வேலைக்காக மண்ணைக் கொட்டி மாதக்கணக்கில் சும்மா விட்டிருந்தால், உடனே திட்டிவிடாதீர்கள். அடியில் இருக்கும் களிமண் இறுகுவதற்கான காத்திருப்பாகவும் இருக்கலாம். ஆனால், உயரமான கரையில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தாலோ, ஓரத்து நிலம் மேலே புடைத்தாலோ, வேடிக்கை பார்க்க அருகில் போகாதீர்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால், உடனே 1033-க்கு போன் பண்ணுங்கள்.