லேத்துக்குத் தலைச்சூடு

கோயமுத்தூர்ப் பக்கம் பெண் எடுத்தவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. மாமனார் வீட்டில் கண்டிப்பாக ஒரு லேத் இருக்கும். இல்லாவிட்டால் மாமனாரின் தம்பி வீட்டில். தீபாவளிக்குப் போனால் முறுக்குத் தட்டில் ஒரு இரும்புச் சுருளும் கிடக்கும். அவசரப்பட்டுக் கடித்துவிடக் கூடாது.

என் மாமனாருக்குக் கணபதியில் பட்டறை. பம்ப் ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது தொழில். லேத், அவரை விட ரெண்டு வயசுதான் சின்னது. 1994-ல் வாடகை கம்மி என்று பட்டறையைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றினார். மாற்றிய மூணாவது வாரம் மெட்ராஸில் என் ஆபீஸுக்கு எஸ்.டி.டி. போன்.

"மாப்ளே, லேத்துக்குக் காய்ச்சலுங்க. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க."

நான் பேங்க்கில் லெட்ஜர் எழுதுகிறவன். ஆனால் மெக்கானிகல் டிப்ளமா என்று கல்யாணப் பத்திரிகையில் போட்டுத் தொலைத்திருந்தார்கள். போட்டதற்கு ஒரு நாள் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? சேரனில் ஏறினேன்.

பட்டறை வாசலில் டர்னர் அண்ணன் நின்றிருந்தார். பதினெட்டு வருஷமாக அந்த லேத்தை ஓட்டுகிறவர். உள்ளே வரவில்லை. "ஆயில் ஊத்தாம டப்பாவோட வித்துட்டாருன்னு உங்க மாமா சொல்றாரு. நாளைக்குக் கணக்கை முடிச்சுடுவாராம்" என்று அத்தை காதோடு சொன்னார். சனிக்கிழமைக்குள் இருநூறு ஷாஃப்ட் போக வேண்டும். லேத்தை விட மாமாவின் தலை அதிகச் சூடாக இருந்தது.

ஓட்டச் சொன்னேன். அரை மணியில் ஹெட்ஸ்டாக்கில், சக்குக்குப் பின்னால் பேரிங் இருக்கும் இடத்தில் கை வைத்தேன். மூணு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். அறுபது டிகிரியைத் தாண்டினால் கை தாங்காது. இதற்குத் தெர்மாமீட்டர் எதுவும் வேண்டியதில்லை.

அந்த லேத்தின் ஏற்பாடு எளிமையானது. ஹெட்ஸ்டாக் அடியில் எண்ணெய்த் தொட்டி. கியர்கள் அதில் முங்கி எழுந்து தாங்களே குளித்துக்கொள்ளும். மேலே இருக்கும் ஸ்பிண்டில் பேரிங்குக்கு அந்தச் சாரல் போதாது. அதற்கென்று ஒரு சின்ன கியர் பம்ப், செப்புக் குழாய் வழியாக எண்ணெயை ஏற்றும். கண்ணாடி ரெண்டு. கீழ்க் கண்ணாடி எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். மேல் கண்ணாடியில் எண்ணெய் சொட்டுவது தெரிய வேண்டும். எங்கள் மேல் கண்ணாடி வறண்டு கிடந்தது.

கீழே பாதி அளவு காட்டியது. பழைய லேத்தில் இதை நம்பக் கூடாது. வருஷக்கணக்கில் எண்ணெய் நின்ற இடத்தில் கறை பிடித்துவிடும். தொட்டி காலியானாலும் கறை மட்டும் "நான் இருக்கேன்" என்று பொய் சொல்லும். ஒரு லிட்டர் ஊற்றிப் பார்த்தேன். கோடு ஏறியது. ஆக, உள்ளே நிஜமாகவே எண்ணெய் இருந்திருக்கிறது.

"அப்ப தண்ணியக் கலந்திருப்பான்" என்றார் மாமா. கலந்திருந்தால் பால் மாதிரி வெளுத்திருக்கும். இது தேன் நிறத்தில் இருந்தது. சரியான 68 கிரேடு. சில பேர் மிச்சம் இருக்கிறதே என்று லாரி இன்ஜின் ஆயிலை ஊற்றுவார்கள். அது அழுக்கை அடியில் தங்க விடாமல் தூக்கிக்கொண்டே சுற்றும். இன்ஜினில் ஃபில்டர் இருக்கிறது, பிடித்துக்கொள்ளும். இங்கே பேரிங்தான் ஃபில்டர்.

அடுத்து பம்ப் உறிஞ்சும் வாயில் இருக்கும் சல்லடை. அல்வா பதத்தில் கசடு. மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினேன். சொட்டவில்லை. செப்புக் குழாயைக் கழற்றி ஊதினேன். காற்று தாராளமாகப் போயிற்று. பம்பைப் பிரித்தேன். பல் எல்லாம் நன்றாக இருந்தது. எண்ணெய் நிரப்பி மூடினேன். சொட்டவில்லை. பக்கத்துப் பட்டறை ஃபிட்டர் எட்டிப் பார்த்து, "பம்ப் போச்சுங்க. இதுக்கெல்லாம் ஸ்பேர் கிடைக்காதுங்க" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

டீ வந்தது. டீ குடிக்கிறபோது எனக்கு பீச்சம் டவர் ஞாபகம் வந்தார். 1883-ல் இங்கிலாந்தில் ரயில் அச்சு பேரிங்கைச் சோதித்தவர். எண்ணெய் விட மேலே ஒரு ஓட்டை போட்டார். அச்சு சுற்றியதும் அந்த ஓட்டை வழியாக எண்ணெய் வெளியே வந்தது. கட்டையால் அடைத்தார். கட்டையையும் தள்ளிவிட்டது. சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இழுத்து, அழுத்தம் உண்டாக்கி, அதன் மேல் மிதக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கணக்கை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-ல் போட்டுக் கொடுத்தார். எண்ணெய் நாம் நினைக்கிற பக்கம்தான் போகும் என்று கட்டாயம் இல்லை.

"அண்ணா, இன்னொரு தடவை ஓட்டுங்க."

அவர் தயங்கி உள்ளே வந்து லீவரைக் கீழே அமுக்கினார். சக் நேராகச் சுற்றியது. கீழேயா?

"எப்பவும் கீழதான் அமுக்குவீங்களா?"

"இல்லீங்க. பழைய எடத்துல மேல தூக்கணும். இங்க வந்ததுலருந்து கீழ அமுக்குனாத்தான் நேரா சுத்துது. அன்னைக்கே மொதலாளிகிட்டச் சொன்னனுங்க. சுத்துதில்ல, வேலையப் பாருன்னாங்க."

மாமா டீ கிளாஸுக்குள் எதையோ தேடினார்.

மோட்டார் ஒரே பக்கம்தான் சுற்ற வேண்டும். நேரா, திருப்பியா என்பதை உள்ளே கிளட்ச் பார்த்துக்கொள்ளும். புது இடத்தில் எலெக்ட்ரீஷியன் மூணு பேஸில் ரெண்டை மாற்றிக் கொடுத்திருக்கிறார். மோட்டார் தலைகீழ். லீவரை மாற்றி அமுக்கினால் சக் சமாதானமாகிவிடும். மோட்டார் பக்கத்து ஷாஃப்டில் மாட்டிய பம்ப் சமாதானமாகாது. மேலே ஏற்ற வேண்டிய பம்ப், மூணு வாரமாகக் குழாயிலிருந்து காற்றை இழுத்துத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தது.

மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ரெண்டு ஒயரை இடம் மாற்றினேன். மோட்டாரைப் போட்டோம். இருபது எண்ணினேன். மேல் கண்ணாடியில் ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று. பிறகு நூல் மாதிரி.

யாரும் பேசவில்லை. மாமா மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. கடைப் பையனைக் கூப்பிட்டு, "மேஸ்திரிக்கு இன்னொரு டீ சொல்றா. பெரிய கிளாஸ்ல" என்றார்.

இருநூறு ஷாஃப்ட்டும் சனிக்கிழமை போயின. முன் பேரிங் மட்டும் லேசாக முனகிக்கொண்டே இருந்து, அடுத்த வருஷம் மாற்ற வேண்டியதாயிற்று. டர்னர் அண்ணன் ஒரு வாரம் பழக்கதோஷத்தில் லீவரைக் கீழே அமுக்கி, சக் திருப்பிச் சுற்ற, "அட, மாப்ள எல்லாத்தையும் மாத்திப்போட்டாருங்க" என்று திட்டிக்கொண்டிருந்தாராம்.