கோடையில் கைக்குப் பொருந்தும் கவசம்

இருசக்கர வாகனத்திலிருந்து தூக்கி எறியப்படும் மனிதர் நிலத்தைத் தொடுமுன் முன்னே நீட்டுவது பெரும்பாலும் கையைத்தான் என்பதும், அது அவர் எண்ணிச் செய்வதன்று, உடல் தன்னைக் காக்கத் தானாகவே செய்யும் அனிச்சைச் செயல் என்பதும் எலும்பு மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்தவை. ஆயினும் தமிழகச் சாலைகளில் தலைக்கவசம் அணிந்து செல்வோரிடத்தும் கைகள் வெறுமையாகவே காணப்படுகின்றன. கையுறை அணிவோரிலும் பலர், கை கறுத்துவிடாமல் இருப்பதற்காக நடைபாதைக் கடைகளில் விற்கும் மெல்லிய பருத்தி உறையையோ, விரல் நுனிகளை வெளியே விடும் அரைக் கையுறையையோ அணிந்து நிறைவடைகின்றனர். இவை வெயிலைத் தடுக்குமேயன்றி வீழ்ச்சியைத் தாங்கா. மறுபுறம், சித்திரை வைகாசியில் வேலூரிலும் கரூரிலும் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடக்கும் நாள்களில், தடித்த தோல் கையுறை வைத்திருப்பவர் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவதும் இயல்பாக நடப்பதே. ஆகவே கோடைக் கையுறையைத் தேர்ந்தெடுப்பவர், எது மிகுதியாகக் காக்கும் என்பதோடு, எதை மே மாதப் பிற்பகலிலும் கழற்றாமல் அணிந்திருக்க முடியும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்குமான விடை, மூலப்பொருளைவிட அது கைக்குப் பொருந்தும் விதத்திலேயே பெரிதும் அடங்கியுள்ளது.

கையுறையின் பயன் ஊகத்தைச் சார்ந்ததன்று. ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவை உள்ளடக்கிய பகுதியில் 2008, 2009 ஆண்டுகளில் விபத்துக்குள்ளான 212 மோட்டார் சைக்கிள் ஓட்டிகளை ஆராய்ந்து, லிஸ் டி ரோம் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவுகளின்படி, மோட்டார் சைக்கிளுக்கென உருவாக்கப்பட்ட கையுறையை அணிந்திருந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு, அணியாதவர்களைவிட ஏறத்தாழ 59 விழுக்காடு குறைவாக இருந்தது. கையுறை அணிபவர் பொதுவாகவே பிற காப்புடைகளையும் அணிபவர், ஓரளவு நிதானமாக ஓட்டுபவர் என்பதால், இந்த வேறுபாடு முழுவதையும் கையுறை ஒன்றின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது என்றாலும், கையைக் காப்பதால் விளையும் நன்மை சிறிதன்று என்பதை அது ஐயமின்றிக் காட்டுகிறது. அதே ஆய்வு மற்றொன்றையும் பதிவுசெய்தது: விபத்தில் சிக்கிய அந்தக் கையுறைகளில் ஏறத்தாழக் கால்வாசி, கிழிந்தோ துளைபட்டோ தையல் பிரிந்தோ தம் வேலையைச் செய்யத் தவறியிருந்தன. மோட்டார் சைக்கிள் கையுறை என்ற பெயரில் விற்கப்படும் எல்லாமே காப்பவை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எதைக் காக்க வேண்டும் என்பதை அறிந்தால்தான் எப்படிக் காப்பது என்பது விளங்கும். ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றுள் மணிக்கட்டில் அமைந்த எட்டுச் சிற்றெலும்புகளில் ஒன்று, கட்டைவிரலின் அடிப்பகுதிக்குக் கீழே படகின் வடிவில் இருப்பதால் படகெலும்பு எனப்படும் ஸ்கேஃபாய்டு ஆகும். உள்ளங்கையை ஊன்றி விழும்போது, மணிக்கட்டு எலும்புகளில் மிக அதிகமாக முறிவது இதுவே. இதற்கான இரத்த ஓட்டத்தின் பெரும்பகுதி விரல்களை நோக்கிய முனையில் நுழைந்து முன்கையை நோக்கிப் பின்செல்கிறது. ஆதலால் எலும்பு நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு இரத்தம் தடைப்பட்டு, முறிவு கூடுவதற்குப் பல மாதங்கள் ஆவதும், சிலருக்கு அத்துண்டு உயிரற்றுப் போவதும் உண்டு. முதல் நாள் எக்ஸ்ரே படத்தில் இம்முறிவு புலப்படாமல் போகலாம் என்பதால், விழுந்தபின் கட்டைவிரல் அடியில் வலி நீடித்தால் வெறும் சுளுக்கென்று எண்ணி விட்டுவிடாமல் மீண்டும் மருத்துவரிடம் காட்டுவது நலம்.

கையை ஊன்றியவுடன் உள்ளங்கை தார்ச்சாலையைப் பற்றிக்கொண்டு நின்றுவிட, உடலின் எடை முழுவதும் முன்னோக்கிச் செல்வதே இந்த எலும்பு முறிவதற்குக் காரணம். நல்ல கையுறைகளில் உள்ளங்கையின் அடிப்புறத்தில், மணிக்கட்டை ஒட்டி, வழவழப்பான கடின நெகிழி வில்லை பொருத்தப்படுவது இதனால்தான். அந்த வில்லை சாலையைப் பற்றாமல் அதன்மேல் வழுக்கிச் செல்வதால், மோதலின் விசை ஒரே கணத்தில் எலும்பில் இறங்காமல் சறுக்கலாகப் பரவிக் குறைகிறது. கடைகளில் வாங்குவோரின் கண்ணைப் பெரும்பாலும் ஈர்ப்பது விரல் முட்டிகளின்மேல் பளபளக்கும் கார்பன் இழை மூடியே. முட்டிக் காப்பும் தேவையானதே. ஆனால் சாலையில் உராய்வது பெரும்பாலும் உள்ளங்கையும் சுண்டுவிரல் பக்க விளிம்பும் ஆகையால், வாங்குபவர் கையுறையை முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் வில்லையும், விளிம்பில் இரண்டாம் அடுக்குத் தோலும் இல்லாத கையுறையின் முட்டி மூடி எவ்வளவு அழகாயிருந்தாலும் அது குறையுடையதே.

இத்தகைய குணங்களைச் சோதித்தறிய ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட தரநிலை இ.என். 13594 என்பதாகும், அதன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு கையுறைகளை இரு நிலைகளாகப் பிரிக்கிறது. உள்ளங்கைப் பகுதியின் ஒரு துண்டை ஓடிக்கொண்டிருக்கும் உரசுபட்டையின்மேல் அழுத்தி, அதில் துளை விழும்வரை கழியும் நேரத்தை அளக்கும் சோதனையில், முதல் நிலைக் கையுறை குறைந்தது 4 வினாடிகளும் இரண்டாம் நிலைக் கையுறை 8 வினாடிகளும் தாங்க வேண்டும். இவை எந்திரத்தின் வினாடிகளேயன்றிச் சாலையில் சறுக்கும் வினாடிகள் அல்ல என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். மணிக்கட்டுக்கு மேல் கையுறை நீள வேண்டிய அளவு முதல் நிலையில் 15 மில்லிமீட்டர், இரண்டாம் நிலையில் 50 மில்லிமீட்டர். முட்டிக் காப்பு சோதிக்கப்பட்டதைக் குறிப்பது கே.பி. என்னும் எழுத்துகள், முதல் நிலையில் இது விருப்பத்துக்கு விடப்பட்டது, இரண்டாம் நிலையில் கட்டாயமானது. கையுறையின் உட்புறம் தைக்கப்பட்ட சீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டியின் சிறு உருவமும், இ.என். 13594 என்ற எண்ணும், கீழே நிலையைக் காட்டும் எண்ணும் ஒருசேர இருக்கின்றனவா என்று பார்ப்பதே வாங்குபவர் செய்யத்தக்க எளிய சோதனை. சி.இ. என்னும் இரண்டு எழுத்துகள் மட்டும் தனித்து நின்றால் எந்தச் சோதனைக்காக அது கிடைத்தது என்பது விளங்காது; இ.என். 388 என்று இருந்தாலோ, அது தொழிற்கூடங்களில் வெட்டு, கிழிசல் முதலியவற்றிலிருந்து காக்கும் கையுறைகளுக்கான வேறொரு தரநிலை.

கோடைக் கையுறையில் காற்று எங்கே நுழைகிறது என்பதே அதன் வடிவமைப்பாளரின் அறிவைக் காட்டும் இடம். எதிர்க்காற்று நேராக மோதுவது புறங்கையிலும் விரல்களின் மேற்புறத்திலும் என்பதால், வலைத்துணியும் துளையிட்ட தோலும் அங்கே இருந்தால் போதும். உள்ளங்கை கைப்பிடியைப் பற்றியிருக்கும்போது அங்கே துளையிடுவதால் காற்றும் வருவதில்லை, தோலின் வலிமையும் குறைகிறது. வலைத்துணி பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது நைலான் இழையால் ஆனது. இவை 220 முதல் 260 டிகிரி செல்சியஸ் அளவில் உருகுபவை என்பதால், சறுக்கும்போது எழும் உராய்வு வெப்பத்தில் இளகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் தீங்கும் உண்டு. பதனிட்ட தோல் அவ்வாறு உருகுவதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தலைமுறைகளாகப் பதனிடப்படும் ஆட்டுத்தோல், மாட்டுத்தோலைவிட மெல்லியதாகவும் நெகிழ்வாகவும் இருந்து, அதன் கனத்துக்கு மிகுந்த உறுதியும் தருவதால், கோடைக் கையுறையின் உள்ளங்கைக்கு மிகவும் ஏற்றது. உலகுக்குத் தோல் பதனிட்டுத் தரும் மாவட்டங்களின் நெடுஞ்சாலையிலேயே வெறுங்கையோடு வண்டி ஓட்டுவோர் நிறைந்திருப்பது வருத்தத்துக்குரியது.

காற்றின் வெப்பம் தோலின் வெப்பமான ஏறக்குறைய 34, 35 டிகிரியைக் கடந்துவிட்டால், வீசும் காற்று கையைக் குளிர்விப்பதற்கு மாறாக வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது; அப்போது குளிர்ச்சி தருவது வியர்வை ஆவியாவது ஒன்றே. ஆதலால் வறண்ட உள்மாவட்டங்களில் துளையிட்ட ஆட்டுத்தோலும் வியர்வையை உறிஞ்சி விரைவில் உலரும் மெல்லிய உட்துணியும் போதுமானவை. ஈரப்பதம் மிகுந்த சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வியர்வை எளிதில் ஆவியாகாது என்பதால், புறங்கையில் வலைத்துணி மிகுந்த கையுறையே தாங்கத்தக்கது. இரண்டிடத்திலும் கறுப்பைவிட வெளிர் நிறமே வெயிலில் குறைவாகச் சூடேறும்.

இனி அளவு. பாதுகாப்புக் கையுறைகளுக்கான பொது அளவுமுறையில், கட்டைவிரலை விலக்கி நான்கு விரல் முட்டிகளை ஒட்டி உள்ளங்கையைச் சுற்றி அளக்கும் சுற்றளவே அடிப்படை. 203 மில்லிமீட்டர் சுற்றளவு 8ஆம் எண், 229 மில்லிமீட்டர் 9ஆம் எண் என்று அமையும் இவ்வெண்கள் உண்மையில் அங்குலக் கணக்கே. நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரையுள்ள நீளம் 8ஆம் எண்ணுக்கு 182 மில்லிமீட்டர், 9ஆம் எண்ணுக்கு 192 மில்லிமீட்டர். ஆனால் சிறியது, நடுத்தரம், பெரியது என்று நிறுவனங்கள் இடும் பெயர்கள் இவ்வெண்களோடு ஒரே விதமாகப் பொருந்துவதில்லை என்பதால், ஒரு நிறுவனத்தின் நடுத்தர அளவு சரியாக இருந்தது என்பதற்காக மற்றொன்றின் நடுத்தர அளவை அணிந்து பாராமல் வாங்குவது தவறாக முடியும். வெப்பத்தில் இரத்தக் குழாய்கள் விரிந்து கை சற்று வீங்குமாகையால், குளிரூட்டப்பட்ட கடைக்குள் நுழைந்து சிறிது நேரம் கழித்து அளப்பதைவிட, வெயிலில் வந்தவுடன் அளப்பதும், பழக்கமான கையை, அதாவது வலக்கையரானால் வலக்கையை, அளவாகக் கொள்வதும் ஏற்றவை.

அணிந்து பார்ப்பதிலும் பலர் விரல்களை நீட்டிவைத்தே பார்க்கின்றனர். வண்டியில் கை எப்போதும் மடங்கியே இருப்பதால் அந்தச் சோதனையால் பயனில்லை. கைப்பிடியின் பருமனுள்ள எதையேனும் பற்றிக்கொண்டு, க்ளட்சையும் பிரேக்கையும் இழுப்பதுபோல் விரல்களை நீட்டி மடக்கும்போது, விரல் நுனி உறையின் முனைத் தையலில் முட்டக் கூடாது. முட்டினால் ஒரு மணி நேர ஓட்டத்தில் நகக்கண் வலிக்கத் தொடங்கும். நுனியில் துணி மிகுந்து தொங்கினாலோ, அது பிரேக் லீவருக்கும் கைப்பிடிக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும் தீங்கு உண்டு. விரல்கள் பிரியும் கவட்டில் கையுறை நன்றாக அமர்ந்திருக்க வேண்டும். அங்கே இடைவெளி இருந்தால், விரல் நீளம் சரியாகத் தோன்றினாலும் கையுறை முழுதாக ஏறவில்லை என்றே கொள்ள வேண்டும். உள்ளங்கையில் தோல் மடிப்பாகத் திரண்டால் ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது அம்மடிப்பு தோலை அரைத்துக் கொப்புளம் உண்டாக்கும். மிகவும் இறுகினாலோ விரல்கள் மரத்துப்போவதோடு, எப்போதும் இழுபட்ட நிலையிலுள்ள தையல் விழும் கணத்தில் எளிதில் பிரிந்துவிடும். தோல் அகலவாட்டில் பழகப் பழகச் சற்று விரிந்துகொடுக்கும், நீளவாட்டில் அவ்வளவாக விரியாது. ஆகவே புதிதில் அகலத்தில் லேசாக இறுகும் கையுறையை வாங்கலாம், நீளத்தில் குறையும் கையுறையை வாங்கலாகாது.

பொருத்தத்தின் உச்சமான சோதனை மணிக்கட்டில் நடக்கிறது. இ.என். 13594 தரநிலையே, பட்டையை இறுக்கிய கையுறை முதல் நிலையில் 25 நியூட்டன், அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடையின் இழுவிசையிலும், இரண்டாம் நிலையில் அதன் இருமடங்கிலும் கழலாதிருக்க வேண்டும் என்கிறது. கடையில் வெல்க்ரோ பட்டையை இறுக்கியபின் மறுகையால் விரல் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து வலுவாக இழுத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். மணிக்கட்டைச் சுற்றி முழுதாக இறுகும் பட்டை இல்லாமல், மீள்பட்டையை மட்டும் நம்பியிருக்கும் குட்டைக் கையுறைகள் கோடையில் மிகுதியாக விற்கின்றன. சாலையில் உருளும்போது முதலில் பறந்துபோவதும் அவையே. கழன்றுபோன கையுறைக்குள் எத்தகைய தோலும் வில்லையும் இருந்தும் பயனில்லை.

பெண்களின் கைகளில் உள்ளங்கையும் விரல்களும் ஒடுங்கியிருப்பது பொதுவாகக் காணப்படும் இயல்பு என்பதால், ஆண்களுக்கான சிறிய அளவை அவர்களுக்குத் தருவது சரியான தீர்வாகாது. பெண்களுக்கெனத் தனியாக வெட்டித் தைத்தவற்றையே கேட்டு வாங்க வேண்டும். ஸ்கூட்டரில் மெதுவாகத்தானே செல்கிறோம் என்னும் எண்ணமும் திருத்தப்பட வேண்டியது, ஏனெனில் உள்ளங்கை ஊன்றி விழுவதற்கு வேகம் தேவையில்லை.

வியர்வையின் உப்பு தோலை உலர்த்தி வெடிக்கச் செய்வதால், கோடை முழுவதும் அணியும் கையுறையை அவ்வப்போது மென்மையான சோப்புநீரில் துடைத்து, வெயிலில் காயவிடாமல் நிழலிலேயே உலர்த்த வேண்டும். ஒருமுறை சாலையில் உரசிய கையுறையின் தையல் வெளிப்பார்வைக்கு நன்றாயிருந்தாலும் அதை மீண்டும் நம்பலாகாது.

பிரான்ஸ் நாட்டில் 2016 நவம்பர் 20 முதல் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தரச்சான்று பெற்ற கையுறை அணிவது கட்டாயம். மீறினால் 68 யூரோ அபராதம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தைப் பற்றியே பேசுகிறது. கை ஓட்டுபவரின் பொறுப்பில் விடப்பட்டுள்ளது. சட்டம் வரும்வரை காத்திராமல், தலைக்கவசமும் கையுறையும் விற்கும் கடைக்காரர்கள் தம் கடையில் ஓர் அளவுநாடாவையும், லீவர்கள் பொருத்திய ஒரு ஹேண்டில்பாரையும் வாடிக்கையாளர் பற்றிப் பார்ப்பதற்காக வைக்க வேண்டும். வாங்குவோரும் அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்.