டயரிற் காற்றின் அளவு

கோடை வந்தவுடன் மோட்டார் வண்டியின் டயர்களிற் சிறிது காற்றைக் குறைத்துவிட வேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டில் வேரூன்றியிருக்கின்றது. வெயிலாற் சாலை காய்கின்றது. சூட்டாற் காற்று விரியும். விரிந்தால் டயர் வெடிக்கும். ஆதலின் குறைத்தலே நலம் என்பர். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். எனினும் இக்கொள்கை உயிர்க்கே ஊறு விளைப்பது என்பது நம் துணிபு.

சென்ற கோடை விடுமுறையில் தோழர் எண்மராக வாடகை வண்டி ஒன்றில் நெல்லையினின்று மதுரைக்குச் சென்றோம். புறப்படுமுன் ஓட்டுநர் ஒவ்வொரு டயரிலும் ஐந்து பவுண்டு காற்றை இறக்கினார். அவர்தம் முன்யோசனையை நாமும் மெச்சினோம். கோவில்பட்டியில் தேநீருக்கு இறங்கியபோது, பின் டயரைத் தொட்ட தோழர் ஒருவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அவர் பௌதிகம் பயில்பவர். காரணத்தை அவரே விளக்கினார்.

காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அழுந்திப் பக்கம் மடங்கி மீண்டும் நிமிர்கின்றது. அம்மடக்கத்தாற் பிறக்கும் சூடே ரப்பரை உள்ளிழைகளினின்று பிரிப்பது. காற்றின் விரிவோ அத்துணைப் பெரிதன்று. வெப்பம் ஏறக்குறைய 6 பாகை ஏறினால் அழுத்தம் ஒரு பவுண்டு ஏறும். அதனைத் தாங்கவே டயர் செய்யப்பட்டுள்ளது.

2000 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் கம்பெனியார் ஏறக்குறைய 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகள் ஓடுங்கால் டயரின் மேற்பட்டை பிரிந்து, வண்டி கவிழ்ந்து, மக்கள் பலர் மாண்டனர். வண்டி செய்தோர் விதித்த 26 பவுண்டு குறைவென்றனர் டயர் செய்தோர். டயரே பழுதென்றனர் வண்டி செய்தோர். அவ்வாண்டே இயற்றிய சட்டத்தின் பயனாக, 2008 ஆம் ஆண்டு மாதிரி முதல் அந்நாட்டுக் கார்களிற் காற்றுக் குறைவைக் காட்டும் விளக்குக் கட்டாயமாயிற்று. அவ்விளக்கும் விதித்த அளவிற் காற்பங்கு குறையும்வரை எரியாதிருக்கலாம், முற்றும் நம்பத்தக்கதன்று.

ஆயின் உரிய அளவு யாது? டயரின் பக்கத்திற் பொறித்த எண்ணைக் காட்டுவாருளர். அஃது உச்ச வரம்பேயன்றி வேறன்று. அவ்வளவு அடைப்பின் நடுப்பகுதி மட்டுந் தேயும். ஈரச் சாலையிற் பிடிப்புங் குறையும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஆங்குச் சட்டத்தில் ஒட்டிய சீட்டொன்று காணப்படும், அதுவே பிரமாணம். ஆள் நிறைந்த வண்டிக்கு வேறளவும் பெரும்பாலும் அதிற் குறித்திருக்கும். (வலியறிதலில் வண்டியச்சின் தாங்குந் திறனைப் பேசிய வள்ளுவனார்க்கு இச்சீட்டு உவப்பளித்திருக்கும்!) அளப்பதும் வண்டி மூன்று மணி நேரம் நின்று ஆறிய பின்னரே தகும். ஓடிய டயர் சில பவுண்டு மிகுத்துக் காட்டும். அதுகண்டு காற்றை இறக்குவோர் பலர்.

கோவில்பட்டியில் அச்சீட்டை ஓட்டுநர்க்குக் காட்டினோம். "தமிழ் படிக்கிற தம்பிகளுக்கு டயர் எதற்கு?" என்று நகைத்தார். ஆயினும் அடுத்த பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, நான்கிற்கும் காற்றுப் பிடித்த பின்னரே மேற்சென்றார்.