மூன்று வரியில் ஒரு ஆள்

போன ஞாயிறு பின்னேரம் மகள் சமையலறை மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இசையில் புதுப் பரிசோதனைகள் செய்த ஒரு கலைஞரைப் பற்றி மூன்றே மூன்று வரி எழுதவேண்டும்.

"அம்மா, எழுதிப்போட்டன். ஒருக்கால் பாருங்கோ."

அவள் தெரிவுசெய்தது எம்.ஐ.ஏ.யை, அதாவது மாயா அருள்பிரகாசத்தை. எனக்குப் புழுகம். வாசித்தேன். 'இவர் இலங்கைக் கலைஞர். ராப் பாடகி. இவருடைய "பேப்பர் பிளேன்ஸ்" பாட்டு டிப்லோ செய்தது.'

மூன்று வரியும் இடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

முதலில் நாடு. மாயா 1975இல் லண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையாய் இலங்கைக்குப் போய், பத்துப் பதினொரு வயதில் போரால் அகதியாய் லண்டனுக்குத் திரும்பியவர். "அவ பிரிட்டிஷ், பிள்ளை" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "அப்ப தமிழ் இல்லையோ? வகுப்பில என்னை ஶ்ரீலங்கன் எண்டுதான் சொல்லுகினம். நான் அங்க ரெண்டே ரெண்டு தரம்தான் போயிருக்கிறன். நான் ஆர் அம்மா?"

இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் வந்திருக்கும். பிறந்த இடம் ஒன்று, பாஸ்போட் ஒன்று, இனம் ஒன்று. ஒன்றைச் சொன்னால் மற்றது அழிந்துபோகாது என்று சொன்னேன். 'லண்டனில் பிறந்த பிரித்தானியக் கலைஞர். ஈழத்தமிழ்க் குடும்பம்' என்று திருத்தினாள். கொஞ்சம் நீளம்தான். ஆனால் ஆள் முழுசாய் இருக்கிறார்.

அடுத்தது இசைவகை. 'ராப்' பிழையில்லை, ஆனால் போதாது. "பேர் தெரியாட்டி, காதில கேக்கிறதை எழுது" என்றேன். 2007இல் வந்த 'கலா' அல்பத்தைப் போட்டோம். 'பேர்ட் ஃப்ளூ'வில் தமிழ்நாட்டு உறுமி அதிர்கிறது. 'பாம்பூ பாங்கா' தொடங்க, உள்ளே இருந்து அம்மம்மா எட்டிப் பார்த்தா: "இது தளபதிப் பாட்டெல்லோ?" அதேதான், இளையராஜாவின் 'காட்டுக்குயிலு'. ஹிப்-ஹொப், டான்ஸ்ஹோல், எலெக்ட்ரோனிக் இசை, தமிழ் மேளம் என்று நாலையும் எழுதினாள்.

மூன்றாவது, ஆர் செய்தது என்பது. எழுதியவர், தயாரித்தவர், பாடியவர், யாருடைய பழைய பாட்டில் இருந்து ஒரு துண்டு எடுத்தது – எல்லாம் வேறு வேறு. 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டைத் தயாரித்தவர் டிப்லோ. எழுதியவர்கள் மாயாவும் அவரும். த கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டில் இருந்து இசை எடுத்ததால் அவர்கள் பெயரும் உண்டு. 2005இல் வந்த முதல் அல்பமான 'அருளர்' முழுவதையும் டிப்லோவின் கணக்கில் எழுதினவர்கள் இருக்கினம். அதில் அவர் தயாரித்தது ஒரேயொரு பாட்டு. தன் வேலையை ஆண்களின் பெயரில் எழுதுகிறார்கள் என்று 2007இலேயே மாயா வெளிப்படையாய்க் கோபப்பட்டார்.

நான் பெருமையாய் விளக்கிக்கொண்டிருக்க, மகள் குறுக்கே வந்தாள். "நீங்கள் 'ஓ... சாயா'வை எப்பவும் ரஹ்மான்ட பாட்டு எண்டுதானே சொல்லுவீங்கள்?"

பிடிபட்டுப்போனேன். 'ஸ்லம்டோக் மில்லியனேர்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மானும் மாயாவும் சேர்ந்து எழுதிய பாட்டு அது. ஒஸ்கார் பரிந்துரையிலும் இருவர் பெயரும் இருந்தது. இத்தனை வருசமாய் ஒரு பெயரை விட்டது நான்தான்.

கடைசியாய் அவளுக்கு ஒன்று சொன்னேன். 'அருளர்' அப்பாவின் பெயர், 'கலா' அம்மாவின் பெயர். 2019இல் மாயாவுக்கு எம்.பி.ஈ. விருது அறிவித்தபோது, அந்தப் பதக்கங்களைத் தன் அம்மா பல வருசமாய்க் கையால் தைத்து வந்தவர் என்று மாயா சொன்னார். பதக்கத்தில் தைத்தவர் பெயர் இராது. மகள் சொல்லித்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

என் மகள் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தாளின் அடியில் சின்ன எழுத்தில் எழுதினாள்: 'உதவி: அம்மா. தளபதியைக் கண்டுபிடித்தது: அம்மம்மா.'