மலைத்தீயும் குடியானவரும்

காய்ந்த புல்லைக் கொளுத்தினால் இளம்புல் விரைவில் கிடைக்குமென்று மலையடிவாரக் குடியானவர்களிற் சிலர் எண்ணுகின்றனர். அது சில நாள் லாபமே. சருகு எரிந்த சரிவில் மழைநீர் மண்ணிற் சுவறாது ஓடும். மேல்மண் அரிக்கப்பட்டுக் கண்மாயைத் தூர்க்கும். கோடையில் ஊற்றுக்கள் வற்றும். மாடு விரும்பாத முரட்டுப்புல்லே நாளடைவில் மிஞ்சும்.

மூண்ட தீயோ மனிதன் சொற்படி நில்லாது. 2018-ம் வருஷம் மார்ச்சு 11-ந் தேதி தேனி ஜில்லா குரங்கணி மலையில் பரவிய தீ 20-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது.

ஆகவே, மாசி பிறக்குமுன் தத்தம் எல்லையில் தீத்தடுப்புக் கோடு அமைத்தல் நிலச்சொந்தக்காரர் கடமை. புகை கண்டவுடன் வன இலாகாவுக்கு அறிவித்து ஆட்களைத் திரட்டுதல் கிராம அதிகாரிகளின் பொறுப்பு. காட்டைக் காத்தல் தம் வயலின் நீரைக் காத்தலேயாம் என்பது எமது அபிப்பிராயம்.