ஜிம்மில் சேரும் முன் கேட்கப்படாத கேள்வி

2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்தார். காலையில் உடற்பயிற்சி செய்தவர் என்று தெரிந்ததும், "ஜிம்மெல்லாம் வேண்டாம்ப்பா" என்ற பேச்சு வீடுகளில் கிளம்பியது. பயம் நியாயமானது, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆய்வு செய்து 2023-ல் முடிவுகளை வெளியிட்டது. குடும்பத்தில் திடீர் மரணம், கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, கடைசி 48 மணி நேரத்தில் அளவுமீறிய மது அல்லது மிகக் கடுமையான உடலுழைப்பு ஆகியவை ஆபத்தைக் கூட்டியதாகத் தெரியவந்தது. வாட்ஸ்அப் வதந்திகள் பழிபோட்ட கொரோனா தடுப்பூசியோ ஆபத்தைக் குறைத்திருந்தது!

இதற்காக ஓடாமல் உட்கார்ந்துவிட முடியாது. வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தைக்கே மூச்சு வாங்கினால் கடுமை. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போக வாரக்கணக்கில் பழக வேண்டும். பல மாதம் நாற்காலியில் இருந்துவிட்டு, கல்யாணத்துக்கு முன் ஒரே மாதத்தில் உடம்பைக் குறைக்க நினைப்பதுதான் வினை.

ஜிம் விண்ணப்பத்தைப் பாருங்கள். பெயர், கைபேசி எண், எடை, மூன்று மாதக் கட்டணம், அவ்வளவுதான். அதில் இல்லாத கேள்வி: 'உங்கள் குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்ததுண்டா? படியேறும்போது நெஞ்சு இறுகியதா, மயக்கம் வந்ததா?' இதைக் கேட்பது உரிமையாளரின் கடமை. "ஆம்" என்பவரை மருத்துவரிடம் அனுப்பாமல் "இன்னும் ஒரு செட் தம்பி" என்று ஏற்றிவிடும் பயிற்சியாளரை மாற்றத்தான் வேண்டும். சித்தப்பா முப்பதுகளில் போனதைப் பிள்ளைகளிடம் மறைக்கும் பெற்றோருக்கும் இதில் பங்குண்டு.

2021 யூரோ கோப்பை ஆட்டத்தில் சரிந்த டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன், 29 வயதுக்காரர், பிழைத்தது அங்கேயே மார்பை அழுத்தி, மின்அதிர்ச்சிக் கருவி வைத்ததால். நம் ஊரில் பத்துப் பேர் சுற்றி நின்று தண்ணீர் தெளிக்கிறோம். மாநகராட்சி ஜிம்களுக்கு உரிமம் தரும்போதே, அந்தக் கருவியையும் முதலுதவி தெரிந்த ஒருவரையும் நிபந்தனையாக்கட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். சரிந்தவர் மூச்சுவிடவில்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நடுமார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். உங்கள் ஜிம்மில் இது யாருக்குத் தெரியும் என்று நாளைக் காலையே கேளுங்கள்.