பழைய ஜீப்புக்கு ஓவர்டிரைவ் ஆட்டோமேட்டிக் கியர்: பணம் கொடுக்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: ஐயா, எங்களிடம் 1990-களில் வாங்கிய டீசல் ஜீப் இருக்கிறது. நான்கு கியர் வண்டி. வாரம் இரண்டு முறை கடலை, காய்கறி ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை போய் வருகிறோம். போக வர 70 கிலோமீட்டர். அப்பாதான் ஓட்டுவார். முழங்கால் வலியால் இப்போது கிளட்ச் மிதிக்கவே சிரமப்படுகிறார். இறக்குமதி வண்டியிலிருந்து கழற்றிய ஓவர்டிரைவ் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மாட்டினால் கிளட்சும் வேண்டாம், டீசலும் மிச்சமாகும் என்கிறார் மெக்கானிக். ரூ.90,000 கேட்கிறார். கடலை விற்ற பணம் கையில் இருக்கிறது. செய்யலாமா?
– வாசகர், செங்கம் வட்டம்

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு தேவைகள் இருக்கின்றன. ஒன்று டீசல் சிக்கனம். அது ஓவர்டிரைவ் சம்பந்தப்பட்டது. மற்றொன்று அப்பாவின் கால். அது ஆட்டோமேட்டிக் சம்பந்தப்பட்டது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் பணத்துக்குச் சரியான பதில் கிடைக்கும்.

முதலில் ஓவர்டிரைவ். உங்கள் வண்டியில் நான்காவது கியரில் இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரு சுற்று சுற்றும். ஓவர்டிரைவ் கியரில் இன்ஜின் ஏழு சுற்று சுற்றும்போதே ஷாஃப்ட் சுமார் பத்துச் சுற்று சுற்றிவிடும். கிணற்று மோட்டாரில் பெரிய புல்லியும் பம்பில் சின்னப் புல்லியும் போட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். பம்ப் வேகமாகச் சுற்றும், ஆனால் மோட்டாருக்குப் பாரம் கூடும். இங்கேயும் அதேதான். வேகம் கூடும், இழுவை குறையும்.

உங்கள் வண்டிக்கு இது பொருந்துமா என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம். சமதளத்தில் இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். பின் டயரிலும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் பிரேக் அருகே உட்கார்ந்திருக்க, டயர் சரியாக ஒரு சுற்று வரும்வரை வண்டியைத் தள்ளுங்கள். வண்டி எத்தனை மீட்டர் நகர்ந்தது, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் போதும். வண்டி நகரும்போது யாரும் அடியில் படுக்கக் கூடாது.

டயர் ஒரு சுற்றில் 2.25 மீட்டர் போகிறது, ஷாஃப்ட் 4.9 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். டயர் நிமிடத்துக்கு 444 சுற்று. நான்காவது கியரில் இன்ஜின் சுமார் 2,180 சுற்று. 0.7 விகித ஓவர்டிரைவ் போட்டால் அது சுமார் 1,525 ஆகக் குறையும். காலி வண்டி, நேரான சாலை என்றால் லாபம்தான். ஆனால் ஊர்ச் சாலையில் மூட்டையோடு 45 கி.மீ. வேகத்தில் போனால் ஓவர்டிரைவில் இன்ஜின் வெறும் 1,140 சுற்றுதான் சுற்றும். அந்தச் சுற்றில் பழைய டீசல் இன்ஜின் திணறும், கரும்புகை தள்ளும். ஆட்டோமேட்டிக் பெட்டியோ மூன்றுக்கும் நான்குக்கும் மாறி மாறித் தாவும். அப்படித் தாவத் தாவ எண்ணெய் சூடேறும். பெட்டி கெடுவது பெரும்பாலும் அந்தச் சூட்டால்தான்.

இனி பணக் கணக்கு. வாரம் 140 கி.மீ. என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 7,000 கி.மீ. லிட்டருக்கு 10 கி.மீ. ஓடினால் 700 லிட்டர் டீசல். பத்து சதவீதம் மிச்சமாகும் என்று தாராளமாகவே வைத்தாலும் 70 லிட்டர். லிட்டர் ரூ.92 என்றால் ரூ.6,440. போட்ட ரூ.90,000 திரும்ப வர 14 வருடம் ஆகும். உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஆட்டோமேட்டிக். இதில் கிளட்சுக்குப் பதிலாக டார்க் கன்வெர்ட்டர் என்ற எண்ணெய் இணைப்பு இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் நழுவல் உண்டு. அந்த நழுவலைப் பூட்டும் லாக்-அப் வசதி இல்லாவிட்டால் ஓவர்டிரைவ் தரும் சிக்கனத்தில் ஒரு பங்கு சூடாகவே போய்விடும். மெக்கானிக்கிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. பெட்டி எந்த இன்ஜினுக்காகச் செய்தது? பெட்ரோல் இன்ஜினுக்கானது என்றால் முழு ஆக்சிலேட்டரில் மிக அதிகச் சுற்றில்தான் கியர் மாற்றும். டீசல் அந்தச் சுற்றுக்குப் போகாது. அதற்கேற்ப உள்ளே மாற்றுவாரா?

2. ஆக்சிலேட்டரோடு இணையும் கேபிளை யார் சரிசெய்வது? சில பெட்டிகளில் அந்தக் கேபிள் தளர்ந்தால் உள்ளே எண்ணெய் அழுத்தம் குறைந்து, கிளட்ச் தட்டுகள் சில நாளிலேயே கருகிவிடும். வேறு சில பெட்டிகள் இன்ஜினின் வெற்றிட உறிஞ்சலை வைத்து வேலை செய்பவை. டீசல் இன்ஜினில் அந்த உறிஞ்சல் கிடைக்காது, தனி ஏற்பாடு வேண்டும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டி என்றால் அந்தக் கம்ப்யூட்டரும் வேண்டும்.

3. தனி ஆயில் கூலர், இன்ஜினோடு பொருத்தும் அடாப்டர் தட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தை மாற்றும் செலவு எல்லாம் ரூ.90,000-க்குள் அடங்குமா?

4. பழைய பெட்டியின் எண்ணெயை உங்கள் கண்முன் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கறுத்து, கருகிய வாடை அடித்தால் வேண்டாம்.

5. உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? நடவு நேரத்தில் வண்டி ஒரு மாதம் நின்றால் என்ன செய்வீர்கள்?

இன்னொன்று. பேட்டரி இறங்கினால் ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. பழுதாகி நின்றாலும் சக்கரம் தரையில் உருளக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. பெரும்பாலான பெட்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் உள்ளே எண்ணெய் சுற்றும்.

சட்டத்தையும் பாருங்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவது பற்றி மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு பேசுகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

என் கருத்து, இந்த வண்டிக்கு இந்தச் செலவு வேண்டாம். முதலில் கிளட்சைப் பாருங்கள். வறண்ட இணைப்புகள், தேய்ந்த புஷ், பழைய பிரஷர் பிளேட் ஆகியவற்றாலேயே மிதி கல்லாக இறுகிவிடும். சரிசெய்தால் மிதி எளிதாகலாம், செலவும் குறைவு. டயர் காற்று, ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், இறுகிய பிரேக் இவற்றைக் கவனித்தால் டீசலும் குறையும். நெடுஞ்சாலை ஓட்டம் நிறைய உள்ளவர்கள், அதே நிறுவன வண்டியின் ஐந்து கியர் சாதாரணப் பெட்டியை யோசிக்கலாம். ஐந்தாவது கியர் 0.85 அளவில் இருந்தால் மேலே சொன்ன 2,180 சுற்று 1,850 ஆகும். இழுவையும் அவ்வளவாகக் குறையாது.

அப்பாவின் வலி இடது காலில் மட்டும்தானா என்றும் கேளுங்கள். வலது முழங்காலிலும் வலி இருந்தால் அவசரத்தில் பிரேக் மிதிக்க வேண்டிய கால் அதுதான். எந்த கியர்பாக்ஸும் அதைச் சரிசெய்யாது. மருத்துவரிடம் காட்டுங்கள், மூட்டை ஏற்றும் நாட்களில் நீங்கள் ஓட்டுங்கள். இடது கால் மட்டும் என்றால், அவர் சொந்த வேலைக்குப் போய்வர, கிளட்ச் மிதி இல்லாமலே நிறுவனத்தில் செய்து வந்த சிறிய பழைய கார் ஒன்றைப் பார்ப்பது நல்லது.

கேள்வி: டிராக்டரிலும் பெரிய கியரில் ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டினால் டீசல் மிச்சமாகுமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: லேசான இழுவை வேலையில் மிச்சமாகும். ஒரு கியர் கூட்டி, அதே வேகம் வரும் அளவுக்கு ஆக்சிலேட்டரைக் குறையுங்கள். கரும்புகை வந்தாலோ, ஆக்சிலேட்டரைக் கூட்டியும் இன்ஜின் சுற்று ஏறாவிட்டாலோ கியரைக் குறைத்துவிடுங்கள். ரோட்டவேட்டர் போன்ற பி.டி.ஓ. வேலைகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்குரிய 540 சுற்று குறையக் கூடாது. டீசலை மிச்சம் பிடிக்க டிரெய்லரோடு இறக்கத்தில் நியூட்ரலில் இறங்குவதை மட்டும் எப்போதும் செய்யாதீர்கள். கியரில் இருந்தால்தான் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்த உதவும்.